இரண்டு லித்தியம் செல் போடும் டார்ச்சில் ஒரு செல் மட்டும் ஏன் சுடுகிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டவருடைய அப்பா ராத்திரி மூன்று பேஸ் கரண்ட் வரும் நேரத்தில் மோட்டார் போட வயலுக்குப் போகிறவர். கையில் இரண்டு 18650 அளவு லித்தியம் செல்லை ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் அலுமினிய டார்ச். ஒரு செல் பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்தது. இன்னொன்று 9800 எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவு) என்று அச்சடித்த புதுச் செல். முக்கால் மணி நேரத்தில் வெளிச்சம் மங்குகிறது, டார்ச்சின் உடம்பு சுடுகிறது. மங்கியதும் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தபோது லேப்டாப் செல் 3.71 வோல்ட், புதுச் செல் 1.9 வோல்ட். இது வெடிக்குமா, வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது, துபாயில் இருக்கும் தம்பி ஊருக்கு வரும்போது நல்ல செல் வாங்கி வரச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார்.

முதல் வேலை, அந்த 1.9 வோல்ட் செல்லை இனி சார்ஜரில் போடாதீர்கள். இரண்டு முனையிலும் டேப் ஒட்டித் தனியாக வைத்துவிடுங்கள். அது புதுசுதானே, ஒரு சார்ஜ் ஏற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஏறவும் செய்யும், 4.2 வரை போய்ப் பச்சை விளக்கும் எரியும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் அளந்த இரண்டு எண்ணையும் கூட்டிப் பாருங்கள், 5.61 வோல்ட். டார்ச்சுக்குள் இருக்கும் சர்க்யூட்டுக்குத் தெரிவது இந்தக் கூட்டுத்தொகை மட்டும்தான். இரண்டும் சமமாக 2.8 இருந்தாலும் 5.6, ஒன்று பாதி நிறைந்தும் மற்றது செத்தும் கிடந்தாலும் 5.6. அதனால் அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கும். வலுவான செல் தள்ளுகிற மின்னோட்டம் காலியான செல்லின் வழியாகத்தான் போயாக வேண்டும். காலியான செல்லின் வோல்ட் இறங்கி, பூஜ்யத்தைத் தொட்டு, விட்டால் அதற்குக் கீழேயும் போய்ப் பிளஸ் மைனஸ் தலைகீழாகிவிடும். நீங்கள் கழற்றி அளந்தபோது 1.9 காட்டியது என்றால், எரிந்துகொண்டிருந்தபோது அது இன்னும் கீழே இருந்திருக்கிறது. சுமை எடுத்ததும் செல் கொஞ்சம் மேலே ஏறி வரும், அந்த ஏறி வந்த எண்ணைத்தான் மீட்டர் காட்டியிருக்கிறது.

லித்தியம் அயான் செல்லின் மைனஸ் பக்கம் ஒரு மெல்லிய செம்புத் தகடு சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. செல் அளவுக்கு மீறி இறங்கினால் அந்தச் செம்பு உள்ளே இருக்கும் திரவத்தில் கரைய ஆரம்பிக்கும். திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேறு வேறு இடத்தில் போய்ப் படியும், ஊசி போல வளரவும் செய்யும். பிளஸ் பக்கத்தையும் மைனஸ் பக்கத்தையும் பிரித்து வைத்திருப்பது வெறும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதில் ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் செல்லுக்குள்ளேயே ஷார்ட். அங்கே சூடாகி, 130 டிகிரி வாக்கில் அந்தத் தாளே உருக ஆரம்பித்தால் அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது. சேதம் இன்றைக்கு நடந்து, நெருப்பு அடுத்த வாரச் சார்ஜில் வரலாம் என்பதால்தான் அந்தச் செல்லை ஒதுக்கச் சொன்னேன்.

இதற்கெல்லாம் காரணம் அஜாக்கிரதை என்று நான் சொல்ல மாட்டேன். பழக்கம்தான் காரணம். இரண்டு கட்டை, மூன்று கட்டை டார்ச் வைத்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு கட்டை தீர்ந்தால் அதை மட்டும் மாற்றுவோம், மற்றதை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம், ஒயரை இரண்டு முனையிலும் உரசிப் பொறி வருகிறதா என்று பார்ப்போம். துத்தநாகக் கட்டையில் இதெல்லாம் செல்லுபடியாகும். மிஞ்சிப்போனால் பேட்டரி ஒழுகி ஸ்பிரிங் துருப்பிடிக்கும், அவ்வளவுதான். அதற்குள் இருந்தது தண்ணீர் கலந்த பசை. லித்தியம் செல்லுக்குள் இருப்பதோ தீப்பிடிக்கக்கூடிய கரைப்பான். நல்ல 18650 ஒன்றில் சுமார் 12 வாட்-ஹவர் சக்தி அடைந்து கிடக்கிறது. அதையும் தண்ணீர் புகாமல் ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய உலோகக் குழாய்க்குள் வைத்து மூடுகிறோம். செல் வாயுவைக் கக்கினால் வெளியேற வழியில்லை, குழாயே வெடிக்கும். சார்ஜ் செய்ய முடியாத சிஆர்123 லித்தியம் செல் போடும் டார்ச்சுகளிலும் இப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன. அங்கேயும் பெரும்பாலும் புதுசு ஒன்று, பழசு ஒன்று என்று கலந்து போட்டதுதான் கதை. ஆகவே பொறி பார்ப்பது, வெயிலில் வைப்பது, ஒன்றை மட்டும் மாற்றுவது, மூன்றும் இங்கே கூடாது.

9800-க்கு வருவோம். 18650 என்பது அளவு: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை என்பதற்கு. இந்த அளவுக்குள் பெரிய கம்பெனிகள் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் உச்சம் 3500 எம்ஏஎச் சுற்றுவட்டாரம்தான். 5000, 6800, 9800 என்று எழுதியிருந்தால் அச்சடித்தவருக்குக் கை தாராளம் என்று அர்த்தம். இப்படிப்பட்ட செல்லை அறுத்துப் பார்த்தவர்கள், உள்ளே ஒரு சின்னச் செல்லும் மீதி இடத்தில் வெறும் தூளும் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். (நீங்கள் அறுத்துப் பார்க்க வேண்டாம்.) உங்கள் புதுச் செல்லும் ஆயிரம் எம்ஏஎச்சைத் தாண்டினால் ஆச்சரியம். அதுதான் பழைய லேப்டாப் செல்லுக்கு முன்னால் காலியாகிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க எளிய கருவி, நகைக்கடையிலும் சமையலறையிலும் இருக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு. உண்மையான 3000–3500 எம்ஏஎச் 18650 பெரும்பாலும் 45 முதல் 50 கிராம் இருக்கும். 40-க்குக் கீழே, அதுவும் 30-களில் நின்றால் யோசிக்கவே வேண்டாம். 3.2 வோல்ட் என்று எழுதிய இரும்பு பாஸ்பேட் வகை மட்டும் விதிவிலக்கு. அது இயல்பாகவே கொஞ்சம் எடை குறைவு, முழுச் சார்ஜும் 3.65 வோல்ட்தான். அதை 4.2 வோல்ட் சார்ஜரில் போடக் கூடாது. எடை சரியாக இருந்தால் செல் நல்லது என்று முடிவுகட்ட முடியாது, தேய்ந்துபோன செல்லும் அதே எடைதான் இருக்கும். ஆனால் எடை தவறினால் மேற்கொண்டு சோதனையே தேவையில்லை.

அடுத்தது கண்ணால் பார்ப்பது, முக்கியமாகப் பிளஸ் முனையை. 18650-இன் வெளி உடம்பு முழுக்க மைனஸ். அந்த உலோக உடம்பு மேலே வந்து, மடிந்து, பிளஸ் மூடியைச் சுற்றி ஒரு வளையமாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மயிரிழை இடைவெளி, அதன் மேல் ஒரு காகித வளையம், அதன் மேல் பிளாஸ்டிக் உறை. லேப்டாப்பிலிருந்து பிரித்த செல்லில், ஒட்டியிருந்த நிக்கல் பட்டையைப் பிய்க்கும்போது இந்த இடத்தில்தான் உறை கிழியும், காகித வளையம் தீய்ந்திருக்கும். கிழிந்த செல்லை டார்ச்சில் போட்டு, டார்ச்சின் பிளஸ் தொடுமுனை கொஞ்சம் அகலமாக இருந்துவிட்டால் நேரடி ஷார்ட். புது உறையும் காகித வளையமும் சில ரூபாய்க்குக் கிடைக்கும், ஹேர் டிரையர் சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஆனால் உடம்பு நசுங்கியிருந்தாலோ, பிளஸ் மூடியைச் சுற்றி ஈரப்பசை இருந்தாலோ, நெயில் பாலிஷ் போல இனிப்பான கரைப்பான் வாசனை வந்தாலோ உறை மாற்றிப் பயனில்லை.

மல்டிமீட்டரை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. முன்பு எதையாவது ஆம்பியர் அளந்துவிட்டு, சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டிருப்போம். அப்படியே செல்லின் இரண்டு முனையிலும் வைத்தால் வோல்ட் அளக்கவில்லை, ஷார்ட் அடிக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் துளையைப் பார்த்துவிட்டு வையுங்கள்.

செல்லுக்கு முன்னால் சார்ஜரைச் சோதிக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சிவப்பு, பச்சை விளக்கு மட்டும் உள்ள மலிவு சார்ஜரில் நல்ல செல் ஒன்றைப் போட்டு, பச்சை வந்ததும் அங்கேயே வைத்து அளவெடுங்கள். 4.20 வோல்ட், ஓரிரு புள்ளி முன்னே பின்னே இருந்தால் சரி. 4.25-ஐத் தாண்டினால் சார்ஜர் குப்பைக்கு. 4.20 காட்டினாலும் எடுத்துவிடாமல் இன்னும் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து திரும்ப அளந்து பாருங்கள். எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால், அந்தச் சார்ஜர் நிறுத்தவேயில்லை, சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருக்கிறது. லித்தியம் செல்லுக்குச் சொட்டுச் சார்ஜ் ஆகவே ஆகாது. சார்ஜ் ஏறும்போது செல் லேசாக வெதுவெதுப்பாக இருக்கலாம், கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் எடுத்துவிட வேண்டியதுதான்.

சார்ஜர் தேறியபின் செல். முழுச் சார்ஜ் ஏற்றி, கழற்றி, ஒரு ராத்திரி சும்மா வைத்து அளந்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பிறகு ஒரு வாரம் கழித்து அளங்கள். முதல் ராத்திரி கொஞ்சம் இறங்குவது இயல்பு, 4.20 போட்டது 4.17-இல் நிற்கும். கொஞ்சம் தேய்ந்த செல் இன்னும் சற்றுக் கீழே நிற்கும், பரவாயில்லை. கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை. நல்ல செல் அதே இடத்தில் அசையாமல் நிற்கும். தினமும் இறங்கி வாரக் கடைசியில் 4.0-வைத் தொடுகிறது என்றால் உள்ளே எங்கோ கசிவு இருக்கிறது. கெபாசிட்டி எவ்வளவு நன்றாகக் காட்டினாலும் அந்தச் செல்லை வீட்டில் வைத்திருக்காதீர்கள். எல்லாச் சோதனையிலும் எனக்கு அதிக நம்பிக்கை இந்தச் சோதனையில்தான். செலவு இல்லை, பொறுமை மட்டும் போதும்.

சுமை கொடுத்துப் பார்ப்பதற்கும் பெரிய கருவி தேவையில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் வெள்ளையாக, செவ்வகமாக இருக்கும் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று, 3.9 ஓம், 10 வாட் என்று கேட்டு வாங்குங்கள். செல்லை ஒரு ஹோல்டரில் வைத்து, வோல்ட் பார்த்துக்கொண்டே ரெசிஸ்டரைச் சில நொடி இணைத்து எடுங்கள். கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் போகும். மீட்டர் முள்ளை ஒயரில் வைக்காமல் செல்லின் முனையிலேயே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயரின் இழப்பும் கணக்கில் சேர்ந்துவிடும். 4.15 இருந்தது 4.10-க்கு இறங்கினால் உள்தடை 50 மில்லி ஓம் வாக்கில், நல்ல செல். 3.90-க்கு விழுந்தால் சுமார் கால் ஓம். அந்தச் செல்லிடம் டார்ச் 3 ஆம்பியர் கேட்டால் முக்கால் வோல்ட் உள்ளேயே தொலையும். இரண்டு வாட்டுக்கு மேல் செல்லுக்குள் சூடாக மாறும். உங்கள் டார்ச் சுடுவதில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். இப்படிப்பட்ட செல் ரேடியோவுக்கு ஓடும், டார்ச்சுக்கு ஆகாது. ரெசிஸ்டரும் சுடும், பார்த்துப் பிடியுங்கள்.

கெபாசிட்டி அளக்க, டிஸ்சார்ஜ் செய்து எண்ணிக் காட்டும் சார்ஜர் வேண்டும். இருந்தால் நல்லது, இல்லையென்றால் இந்த ஒரு டார்ச்சுக்காக வாங்கச் சொல்ல மாட்டேன். அளப்பவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கம்பெனிகள் பொதுவாக 2.5 வோல்ட் வரை இறக்கிக் கணக்குச் சொல்கின்றன, வீட்டுச் சார்ஜர்கள் பலவும் 2.8-இல் நிறுத்திவிடும். 3500 எழுதியது 3300 காட்டினால் ஏமாற்று இல்லை. எழுதியதில் முக்கால் பங்குக்கும் கீழே போனால் டார்ச்சிலிருந்து ஓய்வு கொடுங்கள்.

இனி, இரண்டு செல் டார்ச்சையே தொடரலாமா? தொடர்வதென்றால் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கிய இரண்டு செல், அதுவும் மைனஸ் அடியில் சின்னப் பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த வகை. ஒன்று 2.5 வாக்கில் இறங்கியதும் அது தன் பாதையை அறுத்துவிடும், டார்ச் மொத்தமாக அணையும், தலைகீழாகும் பேச்சே இல்லை. அந்தச் சர்க்யூட்டால் செல் 68 முதல் 70 மி.மீ. வரை நீளும். டார்ச்சுக்குள் அடங்காவிட்டால் மூடியைப் போட்டு நெரிக்காதீர்கள். இரண்டுக்கும் பேனாவால் ஒரே அடையாளம் போட்டு, சேர்த்தே சார்ஜ் செய்து, சேர்த்தே பயன்படுத்தி, ஒன்று போனால் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். அவ்வப்போது அரை மணி எரித்தபின் இரண்டையும் அளங்கள். பத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஜோடி பிரிந்துவிட்டது.

ஆனால் என் யோசனை வேறு. ராத்திரி வரப்பில் நடக்கிற மனிதர் மல்டிமீட்டரும் கையுமாக இருக்க முடியாது. ஒரே செல் போடும் டார்ச்சாக வாங்கிக் கொடுங்கள், 21700 அளவு செல் போடுவதாக இருந்தால் இன்னும் நல்லது. 4000–5000 எம்ஏஎச் உண்மையாகவே அதில் அடங்கும், எடை 70 கிராம் வாக்கில். ஒரே செல் என்றால் அதைத் தலைகீழாகத் தள்ள வேறு செல் இல்லை. எல்இடி எரிவதற்கே 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் தேவை, அதனால் செல் இறங்க இறங்க வெளிச்சமும் மங்கி இழுப்பதும் குறையும். உள்ளேயே சார்ஜ் துளையும் குறைந்த வோல்ட்டில் தானே அணையும் வசதியும் உள்ளதாகப் பாருங்கள். லேப்டாப் செல்லும் இந்தச் சோதனைகளில் தேறினால், ஒரே 18650 போடும் சின்ன டார்ச்சில் தனியாக ஓடட்டும்.

மோட்டார் போடப் போகிறவர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமில் டார்ச்சை மாட்டி வைப்பது வழக்கம். சித்திரை வெயிலில் அந்தக் கூரைக்கு அடியில் முழுச் சார்ஜ் செல் கிடந்தால் சீக்கிரமே கிழடாகும். கம்பெனிகள் பெரும்பாலும் சார்ஜ் செய்ய 45 டிகிரியை மேல் வரம்பாகச் சொல்கின்றன, அந்த ரூமில் மதியம் சார்ஜ் போடவே கூடாது. வீட்டில், தரையில், மெத்தையும் துணியும் பக்கத்தில் இல்லாத இடத்தில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். மாதக்கணக்கில் சும்மா இருக்கப்போகும் செல்லை 3.7 வோல்ட் வாக்கில் வைத்துவிட்டால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நேராகச் சுவர் பிளக்கில் செருகும் பெரிய டார்ச் ஊரில் எல்லார் வீட்டிலும் உண்டு. அதற்குள் இருந்தது 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. அது போனதும், வோல்ட் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று லித்தியம் செல்லை வைத்து ஒட்டிக் கொடுக்கிறார்கள். அந்த மலிவு டார்ச்சுகள் பலவற்றின் சார்ஜர் ஒரு கெப்பாசிட்டரும் நாலு டயோடும்தான், நிறைந்தால் நிறுத்தத் தெரியாது. லெட் ஆசிட் பேட்டரி அதைக் கொஞ்சம் தாங்கும், லித்தியம் தாங்காது. அப்படி மாற்றிய டார்ச் வீட்டில் இருந்தால் ராத்திரி முழுக்கச் செருகி வைக்காதீர்கள். மாற்றியதையே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

எப்போதாவது டார்ச் திடீரென்று கொதிக்கச் சூடானாலோ, உஸ் என்று சத்தம் வந்தாலோ திறந்து பார்க்கும் வேலை வேண்டாம். வெட்டவெளியில் மண்ணில் போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள், முகத்தை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். புகையில் ஹைட்ரஜன் புளோரைடு இருக்கும், மூச்சில் ஏறினால் நுரையீரலைப் புண்ணாக்கும். மின்சாரத்தில் செருகியிருக்காத செல்லில் தீ பிடித்தால், தூர நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம். தண்ணீர் ஊற்றுவது குளிரவைக்கவும் பக்கத்தில் இருப்பதற்குப் பரவாமல் இருக்கவும்தான். லித்தியத்தில் தண்ணீர் படக்கூடாது என்பது சுத்த லித்தியம் உலோகத்துக்குச் சொன்னது, இந்தச் சார்ஜ் செல்லுக்குப் பொருந்தாது. அணைந்தபின்னும் சில மணி நேரம் தொடாதீர்கள், மறுபடி பற்றலாம்.

ஒதுக்கிய செல்லைக் குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. முனையில் டேப் ஒட்டி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, திரும்பப் பெறும் பொறுப்பு பேட்டரி தயாரித்து விற்பவர்களுக்கே இருக்கிறது.

தம்பியிடம் வாங்கி வரச் சொல்லலாம், தாராளமாக. ஆனால் தனிச் செல்லைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-ஹவர் வரம்புக்கு இது பக்கத்திலேயே இல்லை, அதனால் அளவில் பிரச்சினை வராது. ஒவ்வொரு செல்லும் பிளாஸ்டிக் டப்பாவில் தனித்தனியாக, முனைகள் ஒன்றோடொன்றும் சாவிக்கொத்தோடும் உரசாமல் இருக்க வேண்டும். அதே துபாயிலிருந்து 2010 செப்டம்பர் 3 அன்று கிளம்பிய யூபிஎஸ் சரக்கு விமானம், லித்தியம் பேட்டரிகளும் ஏற்றியிருந்த சரக்குப் பகுதியில் தீப்பிடித்து விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். கைப்பையில் என்றால் புகை வந்ததும் ஆள் கண்ணில் படும், சரக்கு அறையில் படாது. 18650 வாங்கும்போது 3500-க்குள் எண் போட்ட, பெயர் தெரிந்த கம்பெனியின் செல்லாகப் பார்க்கச் சொல்லுங்கள். 21700 டார்ச் வாங்கப்போவதாக முடிவு செய்தால் அதை இப்போதே தம்பியிடம் சொல்லிவிடுங்கள், 18650-ஐ வாங்கி வந்துவிட்டால் அது அந்தக் குழாயில் லொடலொட என்று ஆடும்.